ஐசியுவிலிருந்து வீடு திரும்பிய அப்பா: ரிப்போர்ட் எல்லாம் நார்மல், ஆள் மட்டும் பழையபடி இல்லை

வத்தலக்குண்டு மகள் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 58 வயது. மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறோம். கார்த்திகையில் காய்ச்சல் வந்தது. உள்ளூரில் ஊசி போட்டும் இறங்கவில்லை. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் மதுரைக்குக் கொண்டுபோனோம். வேட்டி கட்டும் இடத்தில் வட்டமாகக் கருகின ஒரு புண் இருந்தது. அதைப் பார்த்துத்தான் உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைஃபஸ் என்று கண்டுபிடித்தார்கள். அதற்குள் இரண்டு நுரையீரலும் பாதிக்கப்பட்டு வென்டிலேட்டரில் போட வேண்டியதாகிவிட்டது. அப்புறம் கழுத்தில் துளை போட்டு டியூப் வைத்தார்கள். நடுவில் டயாலிசிஸும் நடந்தது. ஒரு ராத்திரி, எதற்கும் தயாராக இருங்கள் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். கடவுள் புண்ணியத்திலும் அந்த ஐசியு ஆட்களின் உழைப்பிலும் பொங்கலுக்கு முந்தின வாரம் வீடு வந்து சேர்ந்தார்.

ஆனால் வந்தவர் எங்கள் பழைய அப்பா இல்லை. சட்டைப் பொத்தான் போட விரல் ஒத்துழைக்கவில்லை. கட்டிலிலிருந்து எழுந்திருக்க ஒருவர் கைகொடுக்க வேண்டும். குந்தி உட்கார முடியாததால் எங்கள் வீட்டுக் கக்கூஸுக்கு அவரால் போக முடியவில்லை. அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு சாப்பாட்டையே குறைத்துவிட்டார் என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. தேங்காய் வெட்டுக் கூலியை எல்லாம் மனக்கணக்காகப் போடுகிறவர், இப்போது யாருக்கு எவ்வளவு கொடுத்தேன் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. தண்ணீர் குடித்தால் இருமல் வருகிறது.

ராத்திரி ஆனால்தான் பயமாக இருக்கிறது. "என்னைக் கட்டிப்போட்டு லாரியில் ஏற்றி விற்கப் பார்த்தார்கள். நீங்கள் எல்லாரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்" என்கிறார். எங்கள் மேல் உண்மையாகவே கோபமாக இருக்கிறார். சித்தப்பா கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார். அம்மாவுக்கோ செல்போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது.

நுரையீரல் டாக்டர் எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்கிறார். கிட்னி டாக்டர் கிரியாட்டினின் நார்மல் என்கிறார். தலைக்கு சிடி எடுத்தோம், அதுவும் நார்மல். ஒவ்வொருவரும் தன் பங்கு சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிடுகிறார்கள். இனி யாரிடம் போவது? இது சரியாகுமா?

தேனி வாசகர்:

உங்கள் அப்பா பிழைத்து வந்ததே பெரிய விஷயம் சகோதரி. என் மாமாவும் இப்படித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மெலிந்து கிடந்தார். ஆட்டுக்கால் சூப் தினமும் கொடுங்கள். ஆறு மாதம் படுக்கையிலேயே முழு ஓய்வு கொடுங்கள். அலட்ட விடாதீர்கள்.

பிசியோ அக்கா, கோவை:

தங்கச்சி, நான் ஐசியுவிலேயே வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். நீங்கள் எழுதினதில் ஒன்றுகூட எனக்குப் புதிதில்லை. பொத்தான், கக்கூஸ், கணக்கு, லாரி, அம்மாவின் படபடப்பு எல்லாமே ஒரே பிரச்சினையின் வெவ்வேறு முகங்கள். ஐசியுவுக்குப் பிந்தைய பாதிப்பு என்று இதைச் சொல்கிறோம். சுருக்கமாக பிக்ஸ். அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் 2010ல் கூட்டிய ஒரு கூட்டத்தில்தான் உடம்பு, மூளை, மனசு மூன்றிலும் வரும் இந்தப் பாதிப்புகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். வீட்டு மனிதர்களுக்கு வருவதையும் அதிலேயே சேர்த்தார்கள். அதனால் அம்மாவும் இதில் ஒரு நோயாளிதான், அவரை மறந்துவிடாதீர்கள்.

தண்ணீர் குடித்தால் இருமல் என்றீர்களே, மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு அதுதான் கவலை. தொண்டையில் பல நாள் டியூப் இருந்தவர்களுக்கு விழுங்கும் தசைகள் தளர்ந்துபோகும். தண்ணீர் நுரையீரல் பக்கம் போனால் மறுபடி நிமோனியா வரும். இந்த வாரமே காது மூக்கு தொண்டை டாக்டரையோ, விழுங்குவதைச் சோதிக்கும் ஸ்பீச் தெரபிஸ்டையோ பாருங்கள். அதுவரை நேராக நிமிர்ந்து உட்காரவைத்து, பேச்சுக் கொடுக்காமல், சின்னச் சின்ன வாயாகக் கொடுங்கள். படுத்தபடி எதுவும் வேண்டாம். காய்ச்சலோ மூச்சு வாங்குவதோ கூடினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அடுத்தது தசை. லண்டனில் நடந்து 2013ல் வெளியான ஓர் ஆய்வில், ஐசியு நோயாளிகளின் தொடைத் தசையை ஸ்கேனில் அளந்து பார்த்தார்கள். பத்தே நாளில் அதன் பருமன் சராசரியாகச் சுமார் 18 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு உறுப்புக்கு மேல் பழுதானவர்களுக்கு இன்னும் அதிகம். உங்கள் அப்பாவுக்கு நுரையீரல், கிட்னி இரண்டும் பாதிக்கப்பட்டிருந்தன. படுத்துக் கிடந்ததால் மட்டும் வந்த மெலிவு இல்லை இது. கடுமையான நோய் தசையையே கரைக்கிறது, சில பேருக்கு நரம்பையும் தாக்குகிறது. விரல் பொத்தானுக்கு ஒத்துழைக்காததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

டொராண்டோவில் 109 பேரை ஒரு வருஷம் பின்தொடர்ந்து 2003ல் ஒரு கட்டுரை வந்தது. எல்லாருமே உங்கள் அப்பாவைப் போலக் கடும் நுரையீரல் பாதிப்பிலிருந்து பிழைத்தவர்கள். நுரையீரல் அநேகமாகத் தேறிவிட்டது. ஆனால் ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம், அந்த வயதுக்காரர் நடக்க வேண்டியதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. வேலைக்குத் திரும்பியவர்கள் பாதிப் பேர். எக்ஸ்ரே நார்மல் என்று சொன்ன டாக்டர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த இடத்தில் கோளாறு இல்லை, அவ்வளவுதான்.

மூளைக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து நோயாளிகள் 821 பேரை வைத்து 2013ல் வந்த ஆய்வு: மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோது பத்தில் நான்கு பேருக்கு நினைவும் கணக்கும், தலையில் நடுத்தரமான அடிபட்டவர்களின் அளவுக்குத்தான் இருந்தன. ஒரு வருஷம் கழித்தும் மூன்றில் ஒருவருக்கு அப்படியே. ஐசியுவில் எவ்வளவு நாள் டெலிரியம் என்ற மனக்குழப்பத்தில் இருந்தார்களோ, அவ்வளவுக்குப் பின்னால் பாதிப்பும் அதிகம். சிடி ஸ்கேனில் இது தெரியாது. அதனால் அவர் கேட்டதையே கேட்டால் "இப்பத்தானே சொன்னேன்" என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். கூலிக் கணக்கை ஒரு நோட்டில் அவர் கையாலேயே எழுதவிடுங்கள். எழுத்து கோணினாலும் பரவாயில்லை, விரலுக்கும் அது பயிற்சி.

லாரி விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி நிஜம். வென்டிலேட்டர் டியூபைப் பிடுங்கிவிடக் கூடாது என்று கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டும் வழக்கம் பல ஐசியுக்களில் இருக்கிறது. ஸ்கேனுக்குக் கொண்டுபோக டிராலியில் தள்ளியிருப்பார்கள். நீங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்றதும் நிஜம். மயக்க மருந்து, காய்ச்சல், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து அந்தத் துண்டுகளை ஒரு கதையாக்கிவிட்டன. "அப்படி எல்லாம் நடக்கவில்லை" என்று வாதாடினால் அவருடைய கோபம் கூடத்தான் செய்யும். பகலில், அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில், நடந்ததை வரிசையாகச் சொல்லுங்கள். எந்த நாள் டியூப் போட்டார்கள், கையை ஏன் கட்டினார்கள், நீங்கள் ஏன் வெளியே நின்றீர்கள், உள்ளே விட்ட நேரத்தில் அவர் காதில் என்ன சொன்னீர்கள் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். பல முறை சொல்ல வேண்டியிருக்கும். கயிறு கட்டினதில் கெடுதல் ஒன்றும் இல்லை, அது சித்தப்பாவின் அன்பு. ஆனால் பேய் பிசாசு என்ற பேச்சு அவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று ஏற்கெனவே உள்ளுக்குள் பயந்துகொண்டிருப்பார்.

தேனி சகோதரர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் ஆறு மாதம் முழு ஓய்வு என்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். சுருங்கின தசையை ஓய்வு இன்னும் சுருக்கும். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு, ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். காலை, மதியம், சாயங்காலம். கையை ஊன்றாமல் எழ முடிகிற நாள் வந்தால் எண்ணிக்கையைக் கூட்டலாம். செய்யும்போது பேச முடிய வேண்டும், அதுதான் அளவு. தலை சுற்றினாலோ, நெஞ்சு வலித்தாலோ, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 90க்குக் கீழே போனாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். குந்தி உட்காருவது கடைசியில்தான் திரும்பும். அதுவரை மெடிக்கல் கடையில் கிடைக்கும் கமோடு நாற்காலி ஒன்று வாங்கிவிடுங்கள். நாளைக்கே வாங்குங்கள். அவர் வயிறாரச் சாப்பிட ஆரம்பிப்பது அதில்தான் இருக்கிறது.

சூப்பு தாராளமாகக் கொடுக்கலாம், வாய்க்கு நன்றாக இருக்கும். ஆனால் தசை வளர்க்கும் புரதம் அந்த நீரில் அதிகம் இல்லை. முட்டை, பால், மீன், கோழி, பாசிப்பயறு, பருப்பு இவற்றில்தான் இருக்கிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். நோயிலிருந்து தேறுகிறவருக்கு எடையில் கிலோவுக்கு 1.2 கிராமாவது ஒரு நாளைக்கு வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 50 கிலோ என்றால் 60 கிராம். டயாலிசிஸ் செய்தவர் என்பதால் கிட்னி டாக்டரிடம் இந்த அளவைச் சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொண்டு ஆரம்பியுங்கள். விழுங்கும் சோதனை முடிகிறவரை எந்தப் பதத்தில் கொடுப்பது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முடி கொட்டுவதற்கு எண்ணெய் தேடி அலைய வேண்டாம். பெரிய காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவது வழக்கம், தானாக வளரும்.

யாரிடம் போவது என்றீர்கள். ஒரே ஒருவரைத் தலைமையாக வைத்துக்கொள்ளுங்கள். பொது மருத்துவராக இருக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிஎம்ஆர் என்ற மறுவாழ்வு மருத்துவப் பிரிவு இருந்தால் இன்னும் நல்லது. டிஸ்சார்ஜ் சம்மரியையும், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய், "இதில் எது இன்னும் தேவை?" என்று கேளுங்கள். ஐசியுவில் குழப்பத்துக்காக ஆரம்பித்த மாத்திரைகள், யாரும் நிறுத்தச் சொல்லாததால் வீட்டிலும் தொடர்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்களாக நிறுத்தக் கூடாது, ஆனால் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். நடக்க முடியாதவரை வெளியூர் பிசியோவிடம் அலையவைக்க வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

சரியாகுமா? பெரும்பாலும் ஆகும். மெதுவாகத்தான் ஆகும், ஒரு வருஷம் வரைகூடத் தேறிக்கொண்டே இருப்பார்கள்.

வத்தலக்குண்டு மகள்:

அக்கா, படித்துவிட்டு அம்மாவும் நானும் அழுதுவிட்டோம். கமோடு நாற்காலி வாங்கிவிட்டோம். தொண்டை டாக்டருக்கு நாள் வாங்கியாகிவிட்டது.

ஒன்று மட்டும் ஆறவில்லை. இத்தனையும் வரும் என்று ஏன் எங்களுக்கு ஒருவர்கூடச் சொல்லவில்லை? அங்கே எல்லாரும் நல்லவர்கள்தான். சிஸ்டர்கள் இரவு பகலாக ஓடினார்கள். ஆனால் டாக்டரைக் கேட்டால் பிசியோ சொல்வார் என்றார், பிசியோவைக் கேட்டால் டாக்டரைக் கேளுங்கள் என்றார். என் சித்தி மகள் நர்சிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள், அவளுக்கும் இது தெரியவில்லை.

ஐசியு டியூட்டி டாக்டர்:

உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரு சிஸ்டருக்கு இத்தனை நோயாளி என்று புத்தகத்தில் இருப்பது ஒன்று, நடப்பது ஒன்று. ராத்திரி ஷிப்டில் ஒரே ஆள் மூன்று வென்டிலேட்டர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது உயிர் நிற்க வேண்டும் என்பதுதான் எங்கள் கண்ணில் தெரியும், பொத்தான் தெரியாது. வென்டிலேட்டரில் இருப்பவரை எழுப்பி உட்காரவை, நடக்கவை என்று மாநாடுகளில் சொல்கிறார்கள். டியூப் வெளியே வந்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியது டியூட்டி டாக்டர்தான். 2022ல் வந்த பெரிய ஆய்விலும் இப்படிச் சீக்கிரம் நடக்கவைப்பதால் பலன் தெரியவில்லையே?

நர்சிங் டியூட்டர், மதுரை:

டாக்டர் சொல்லும் ஆள் பற்றாக்குறை உண்மை. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மகள் கேட்டது வேறு. அவர் அப்பாவைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள், அவர்களுக்குள் பேச்சு இல்லை. அதன் வேர் எங்கள் வகுப்பறையில் இருக்கிறது.

ஒரே வளாகத்தில் எம்பிபிஎஸ், நர்சிங், பிசியோ, பார்மசி எல்லாம் இருக்கும். நாலு வருஷம், அஞ்சு வருஷம் படிப்பார்கள். ஒரே கேன்டீனில் டீ குடிப்பார்கள். ஒரு வகுப்புகூடச் சேர்ந்து படிக்க மாட்டார்கள். முதல் தடவை ஒன்றாக நிற்பது இதயம் நின்றுபோன ஒருவரின் படுக்கையருகில். உலக சுகாதார நிறுவனம் 2010லேயே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. வெவ்வேறு துறை மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்க வேண்டும் என்பது அதன் சாரம். அமெரிக்காவில் பாதுகாப்புத் துறையும் சுகாதார ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2006ல் டீம்ஸ்டெப்ஸ் என்ற பயிற்சியையே கொண்டுவந்தன. தலைமை, ஒருவரையொருவர் கவனிப்பது, கைகொடுப்பது, தெளிவாகப் பேசுவது. கேட்டால் சாதாரணமாகத் தெரியும். ஆனால் ஊசி போடுவதைப் போல இதையும் செய்து செய்துதான் பழக வேண்டும்.

எங்கள் மாணவிகளுக்கு நான் முதலில் பழக்குவது எஸ்பார் முறையில் பேசுவதை. இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, எதைச் செய்யச் சொல்லி டாக்டரைக் கேட்கிறேன், இந்த நாலும். "சார், அஞ்சாம் பெட் ஒரு மாதிரி இருக்கார்" என்பதற்குப் பதில், "சார், அஞ்சாம் பெட் நேற்று வரை பேச்சைப் புரிந்துகொண்டார், இன்று காலை முதல் கண்ணைப் பார்க்கவில்லை, டெலிரியம் என்று நினைக்கிறேன், மயக்க மருந்தைக் குறைக்கலாமா?" இந்தக் கடைசிப் பகுதியைச் சொல்லத்தான் எங்கள் பெண்களுக்குத் தொண்டை அடைக்கும். டாக்டரிடம் நான் யோசனை சொல்வதா என்று. எம்பிபிஎஸ் பையன்களைக் கூட உட்காரவைத்து, அவர்கள் கேட்க, இவர்கள் சொல்ல, பலமுறை செய்தால்தான் அந்த அடைப்பு விலகும்.

இன்னொன்று. நோயாளியைப் புரட்டிப் போடுவது, துடைப்பது எல்லாம் ஆயாம்மாதான். "ஐயா இன்னிக்கு என் கையை இறுக்கிப் பிடிச்சார்" என்று பல நேரம் முதலில் சொல்வது அவர். தசைக்குப் பலம் திரும்புகிறது என்ற முதல் செய்தி அது. எந்தப் பயிற்சி வகுப்புக்கும் அவரைக் கூப்பிடுவதில்லை. நான் நடத்தும் வகுப்பில் அவருக்கும் நாற்காலி உண்டு.

பிசியோ அக்கா, கோவை:

டாக்டர் சார், நீங்கள் சொல்லும் 2022 ஆய்வு எனக்கும் முக்கியமானது. 750 நோயாளிகள், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து உட்பட ஆறு நாடுகள். ஆனால் அதில் ஒப்பிட்டது நடக்கவைப்பதையும் படுக்கப்போடுவதையும் அல்ல. வழக்கமான பிசியோவே இரண்டு பக்கமும் இருந்தது. ஒரு பக்கத்தில் இன்னும் சீக்கிரமாக, இன்னும் அதிகமாகச் செய்தார்கள். அந்த அதிகத்தால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை, இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் தொடர்பான பாதக நிகழ்வுகள் 4 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் கூடின. நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது, இன்றைக்கு இவருக்கு எவ்வளவு என்பதைத் தினமும் காலையில் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும் என்பது. பிசியோ தனியாக முடிவு செய்தால் அதிகமாகும், டாக்டர் தனியாக முடிவு செய்தால் அநேகமாக ஒன்றும் நடக்காது.

2009ல் சிகாகோவும் அயோவாவும் சேர்ந்து 104 பேரிடம் செய்து பார்த்தார்கள். மயக்க மருந்தை நிறுத்தும் நேரத்தோடு பிசியோவையும், அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியையும் சேர்த்து ஆரம்பித்த பக்கத்தில், வீட்டுக்குப் போகும்போது 59 சதவீதம் பேர் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டார்கள். மற்றப் பக்கத்தில் 35. அதற்கு முந்தின வருஷம் 336 பேரிடம் இன்னொரு ஆய்வு. காலையில் மயக்க மருந்தை நிறுத்துவது ஒன்று, தானாக மூச்சுவிடுகிறாரா என்று சோதிப்பது இன்னொன்று. இரண்டையும் ஜோடியாகச் செய்தபோது, ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் 44 சதவீதம். வழக்கமான மயக்கத்தோடு மூச்சுச் சோதனை மட்டும் செய்த பக்கத்தில் 58 சதவீதம். ஒரு புது மருந்தும் இல்லை. யார் எதை எப்போது செய்கிறார்கள் என்ற ஏற்பாடுதான் மாறியது.

எங்கள் பிரிவில் இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். முன்பெல்லாம் நான் ஒன்பது மணிக்குப் படுக்கைக்குப் போவேன், அவர் ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பார், கை காலை நீட்டி மடக்கிவிட்டு வருவேன். மதியம் மருந்தைக் குறைப்பார்கள், அப்போது நான் வேறு வார்டில் இருப்பேன். இப்போது காலை ரவுண்ட்ஸில் டாக்டர், சிஸ்டர், நான், டயட்டீஷியன் நால்வரும் நிற்கிறோம். மருந்து எப்போது நிற்கும், மூச்சுச் சோதனை எப்போது, என் நேரம் எப்போது என்று அங்கேயே பேசி முடித்துவிடுகிறோம்.

முதல்முதலில் ஒருவரை டியூபோடு எழுப்புவதற்கு முன்னால் ஆளில்லாத படுக்கையில் எங்களில் ஒருவரையே படுக்கவைத்துப் பழகினோம். டியூபைப் பிடிப்பவர் தலைமாட்டில். அவர் வேறு எதையும் தொடக் கூடாது, ஒன்று இரண்டு மூன்று எண்ணுவதும் அவர்தான். பெரிய ரத்தக் குழாயில் போட்ட சென்ட்ரல் லைன், யூரின் பேக், சிரிஞ்ச் பம்ப் ஒருவர் பொறுப்பு. முழங்காலுக்கு முன்னால் நான். சக்கர நாற்காலியோடு ஆயாம்மா பின்னால். சப்பரம் தூக்குகிறவர்களுக்குள் இருக்கும் ஒழுங்கு அது, தோள் மாற்றும்போதுகூடக் குரல் கொடுத்துத்தான் மாற்றுவார்கள். யார் "நிறுத்துங்க" என்றாலும் நிறுத்த வேண்டும், காரணம் அப்புறம் கேட்கலாம். டாக்டர் சார், டியூப் வந்துவிடுமோ என்ற உங்கள் பயம் சரியான பயம்தான். இந்த ஒத்திகைக்குப் பிறகு எங்கள் டியூட்டி டாக்டர்களின் பயம் குறைந்ததைக் கண்ணால் பார்த்தேன். ஆள் கூடவில்லை, இருந்தவர்கள் சேர்ந்து பழகினார்கள்.

மகளின் கேள்விக்கும் இதுதான் பதில். வீட்டாரிடம் யார் பேச வேண்டும் என்று முடிவு செய்யாத இடத்தில் யாரும் பேசுவதில்லை. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2009லேயே வழிகாட்டி போட்டுவிட்டது: ஐசியுவை விட்டுப் போகும்போது நோயாளியிடமும் வீட்டாரிடமும் பேச வேண்டும், இரண்டு மூன்று மாதத்தில் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். கிளாஸ்கோவில் டாக்டர், நர்ஸ், பிசியோ, மருந்தாளுநர், மனநல நிபுணர் எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, மீண்டவரையும் வீட்டாரையும் சேர்த்தே ஐந்து வாரம் வரவைத்துப் பார்க்கிறார்கள். இங்கேயும் ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் வாரத்தில் ஒரு மதியம் இதற்கு ஒதுக்கலாம். கட்டடமோ இயந்திரமோ வேண்டாம், ஒரு மேசையைச் சுற்றி ஐந்து பேர் போதும். இதை நான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

திருச்சி ஆசிரியர்:

2021 கொரோனா இரண்டாம் அலையில் வென்டிலேட்டரில் இருந்து மீண்டவன் நான். அப்பா நிலைமையை உள்ளே இருந்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

எனக்குத் தலைக்கு மேல் ஓயாமல் மழை பெய்துகொண்டிருந்தது. என்னை ஒரு படகில் போட்டுத் தள்ளிவிட்டதாக நம்பினேன். வீட்டுக்கு வந்த பிறகும் அது நடந்ததாகவே தோன்றியது, யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவி அந்த நாட்களில் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்னதை எல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைத்திருந்தார். அதைப் படித்துக்காட்டினார். சளி உறிஞ்சும் குழாயின் சத்தம்தான் என் மழை என்று அப்போது புரிந்தது. வெளிநாடுகளில் ஐசியு நர்சுகளே இப்படி டைரி எழுதித் தருகிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நீங்களும் நினைவிருப்பதை எழுதிவையுங்கள் அம்மா.

பள்ளிக்குத் திரும்பியபோது முதலில் கரும்பலகையில் கை தூக்கி எழுத முடியவில்லை. தலைமையாசிரியர் மதியம்வரை மட்டும் வகுப்புக் கொடுத்தார். அது பெரிய உதவி. அப்பாவுக்கும் தோப்பில் சின்ன வேலை ஒன்றைக் கொடுங்கள்.

பிசியோ அக்கா, கோவை:

ஆசிரியர் ஐயா சொன்ன டைரியைப் பற்றி ஒரு வார்த்தை. அது எல்லாருடைய மனக் காயத்தையும் தடுக்கும் என்று ஆய்வுகள் ஒரே குரலில் சொல்லவில்லை. 2010ல் வந்தது பலன் உண்டு என்றது, 2019ல் பிரான்சில் நடந்தது வித்தியாசம் இல்லை என்றது. ஆனாலும் நான் எழுதச் சொல்வேன். அப்பா படிக்க விரும்பும்போது மட்டும் கொடுங்கள், வற்புறுத்த வேண்டாம். கனவு குறையாவிட்டாலோ, சாக வேண்டும் என்ற பேச்சு ஏதாவது வந்தாலோ காத்திருக்காதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள், நடுராத்திரி என்றாலும் 14416 டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். அம்மாவுக்கும் அந்த எண் பொருந்தும்.

வத்தலக்குண்டு மகள்:

அனைவருக்கும் நன்றி. நேற்று கையைக் கட்டின காரணத்தைச் சொன்னேன். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்படியா, டியூபுக்காகவா?" என்று மட்டும் கேட்டார். கூலி நோட்டை ஆரம்பித்துவிட்டார். கடைசியாக ஒரு கேள்வி. தோப்புக்குப் போக வேண்டும் என்கிறார், அம்மா விடவே மாட்டேன் என்கிறார். மறுபடி அந்த உண்ணி கடித்தால் மறுபடி வருமா?

பிசியோ அக்கா, கோவை:

வரலாம். அந்தக் கிருமியில் பல வகை உண்டு, ஒரு தடவை வந்ததால் நிரந்தரப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் அதற்காக வீட்டிலேயே அடைத்துவைக்க வேண்டாம், அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். முதலில் நாற்காலி போட்டு வரப்பு ஓரத்தில், களை வெட்டின சுத்தமான இடத்தில் உட்காரட்டும். தரையிலும் புல்லிலும் உட்காருவதோ படுப்பதோ கூடாது. முழுக்கைச் சட்டை, கால் மூடும் உடை, செருப்புக்குப் பதில் ஷூ. வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, போட்டிருந்த துணியைத் துவைக்கப் போட்டுவிட வேண்டும். துடைத்துவிடும்போது இடுப்பு, அக்குள், தொடை இடுக்கில் கறுப்புப் புண் இருக்கிறதா என்று அம்மா பார்க்கட்டும். காய்ச்சல் வந்தால் ஊரில் ஊசி போட்டுப் பார்ப்போம் என்று காத்திருக்காமல், "போன தடவை ஸ்க்ரப் டைஃபஸ் வந்து ஐசியுவில் இருந்தார்" என்று முதல் வாக்கியமாகவே டாக்டரிடம் சொல்லுங்கள். டாக்ஸிசைக்ளின் மாத்திரையைச் சீக்கிரம் ஆரம்பித்தால் பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு நாளில் காய்ச்சல் விட்டுவிடும். தொண்டை டாக்டர் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுதுங்கள், அதைப் பார்த்துக்கொண்டு அடுத்த பயிற்சியைச் சொல்கிறேன்.